கூரைக்குப் பெரிய ற

தூத்துக்குடி,
சுபானு வருஷம், கார்த்திகை 22

கொழும்பு புறக்கோட்டைக் கடையில் இருக்கும் மகாராஜஸ்ரீ ஐயா அவர்கள் சமூகத்துக்கு, இளைய மகள் தங்கபுஷ்பம் தரையில் விழுந்து கும்பிட்டு எழுதிக்கொண்டது. தரை ஈரமாக இருப்பதால் பாதிதான் விழுந்தேன். மீதிக் கும்பிடு ஐயா நேரில் வரும்போது.

இவ்விடம் அம்மா, அக்கா, நான் மூவரும் சுகம். அவ்விடம் கோபம் என்று ஐயாவின் கடிதத்தால் அறிந்தோம்.

இந்தக் கடிதம் அம்மா சொல்லி நான் எழுதுவது இல்லை. நானாகவே எழுதுவது. அம்மா உப்பு வாங்கப் போயிருக்கிறாள். அவள் திரும்புவதற்குள் முடித்துத் தபாலில் போட்டுவிட வேண்டும், ஆகையால் கையெழுத்து ஓடுகிறது, மன்னிக்கவும். முதலில் தலையான விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அக்காவுக்கு இங்கே யாரும் கல்யாணம் பேசவில்லை. ராஜதுரை என்பவர் மாப்பிள்ளை இல்லை. நம் வீட்டு ஓடு வேலைக்கு வந்த கண்டிராக்டர். நான் கூரைக்குச் சின்ன ர போடுவதற்குப் பதிலாகப் பெரிய ற போட்டுவிட்டேன். வீட்டுக்கு மேலே இருக்க வேண்டியது கல்யாணப் பெண் உடுத்துகிற புடவையாகிவிட்டது. கை தவறி நடந்தது.

பாதிப் பழிதான் என்னுடையது. மீதிப் பழி சென்சார்காரருடையது. யுத்தம் முடிகிறவரை துறைமுகத்து ஊரிலிருந்து வானத்தைப் பற்றியும் கடலைப் பற்றியும் எழுதினால் வெட்டிவிடுவார்களாம். எதிரிக்கு உபயோகப்படுமாம். பக்கத்து வீட்டுத் தேவபிரசாதம் வாத்தியார் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. ஆகையால் அம்மா ஐயாவின் பெயரை வாயால் சொல்லாதது போல, நானும் இந்தக் கடிதத்தில் அதன் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஐப்பசி கடைசியில் வடகிழக்கிலிருந்து நம் ஊருக்கு ஒரு விருந்தாளி வந்தார் என்று மட்டும் எழுதுகிறேன். பெயரில் முதல் எழுத்து பு, கடைசி எழுத்து ல். புல் இல்லை, நடுவில் இன்னும் ஓர் எழுத்து உண்டு. சென்சார் ஐயா, இது விருந்தாளி சமாசாரம். தயவுசெய்து கத்தரிக்கோலைக் கீழே வையுங்கள்.

போன கடிதத்தில் இந்த விருந்தாளி வந்த கதையை ஒரு பக்கம் விவரமாக எழுதியிருந்தேன். அதை முழுசாக வெட்டிவிட்டு மீதியை அனுப்பியிருக்கிறார்கள் என்று இப்போது புரிகிறது. ஐயாவின் கைக்கு வந்தது இவ்வளவுதான் இருக்கும்: "எல்லோரும் நலம். ஆகையால் கூறைக்கு ராஜதுரை என்பவரைப் பேசி முடித்துவிட்டோம். நல்ல குணம், கை சுத்தம். ஐயா வரும்வரை பொறுக்க முடியாத நிலைமை. வருகிற வெள்ளிக்கிழமை நாள் நன்றாக இருக்கிறது. பேச்சித்தாய் அக்கா இருக்கிற அறையிலிருந்துதான் ஆரம்பம். பேசியதில் பாதியைக் கொடுத்தாச்சு."

இதை இப்போது எழுதிப் பார்க்கும்போது எனக்கே ஐயாவோடு சேர்ந்து கோபம் வருகிறது.

நடந்தது இது. விருந்தாளி ஒரு பகல் முழுக்க நம் ஊரில் இருந்துவிட்டுப் போனார். ஓடு என்று பெயர் வைத்ததனாலோ என்னவோ, நம் வீட்டு ஓடெல்லாம் ஓடிவிட்டது. முன்பக்கத்துப் பட்டாசாலையில் பாதி, அடுக்களையில் பாதி, அக்கா இருக்கிற உள்ளறையில் முழுசும் போயிற்று. தோணிகள் என்ன ஆயின என்று எழுதமாட்டேன், அதுவும் வெட்டு. நன்றாக ஒழுகுவதுதான் ஒழுக்கம் என்று பள்ளிக்கூடத்தில் படித்தேன். அந்தக் கணக்கில் இந்தத் தெருவிலேயே ஒழுக்கமான வீடு நம்முடையதுதான்.

ஓலையாவது போட்டு மூடலாம் என்றால், ஊரில் இருந்த பனையோலை அத்தனையும் உப்பளத்துக்காரர்கள் உப்புக் குவியலை மூட வாங்கிப் போய்விட்டார்கள். ஓடு வேலை தெரிந்தவர்களெல்லாம் ஒரே வாரத்தில் ஜமீன்தார் ஆகிவிட்டார்கள். முதலில் வந்த கண்டிராக்டர் சைக்கிளை விட்டு இறங்கவே இல்லை. ஒற்றைக் காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு அண்ணாந்து பார்த்து, எல்லாத்தையும் பிரிச்சிட்டுச் சீமை ஓடு போடணும் ஆச்சி, முன்பணம் எடுத்து வையுங்க என்றார். சீமை ஓடு மங்களூரிலிருந்து கப்பலில் வர வேண்டும். கப்பல் எப்போது வரும் என்று அவருக்கும் தெரியாது, கப்பலுக்கும் தெரியாது. இரண்டாவதாக வந்தவர், வீட்டுல ஆம்பளை யாரும் இல்லையா, நான் யாருட்டப் பேச என்றார். அம்மாவுக்கு வந்ததே கோபம். ஆம்பளை கொழும்புல இருக்காவ, ஓட்டை இங்கன இருக்கு, நீரு எதுட்டப் பேசணுமோ அதுட்டப் பேசும் என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

மூன்றாவதாக வந்தவர்தான் இந்த ராஜதுரை. மில்லர்புரம் பக்கம் வீடு, ஆறு பேரை வைத்து வேலை செய்கிறார், முப்பது வயசு இருக்கலாம். வந்தவர் ஒரு வார்த்தை பேசாமல் மேலே ஏறிவிட்டார். அரை நாள் ஒவ்வோர் ஓடாக எடுத்து விரல் முட்டியால் தட்டித் தட்டிக் காதில் வைத்துக் கேட்டு, நல்லது ஒரு பக்கம், கீறல் விட்டது ஒரு பக்கம் என்று அடுக்கினார். கொலுசு வாங்க வந்த பெண்கூட அப்படிப் பார்த்து எடுக்கமாட்டாள். இறங்கி வந்து அம்மாவிடம் சொன்னது: முக்காவாசி ஓடு நல்லாத்தான் இருக்கு ஆச்சி, இப்பப் போயி புதுசு வாங்காதிய, சூளையெல்லாம் நனைஞ்சு கெடக்கு, வேகாத ஓட்டத்தான் தருவான், ஓட்டத் தாங்குத கைமரத்துல ரெண்ட மட்டும் மாத்துனாப் போதும். ஆணி கிடைக்காத காலம் என்பதால் பழைய ஆணியையெல்லாம் பிடுங்கித் தட்டி நிமிர்த்தித் தானே வைத்துக்கொண்டார். அம்மா அங்கேயே பேசி முடித்துவிட்டாள்.

அவரிடம் ஒரு குறை உண்டு, மறைக்கமாட்டேன். தொண்டை. கூரை மேலேயே காலம் கழித்தவர் இல்லையா, பக்கத்தில் நின்று பேசினாலும் தரையிலிருந்து முகட்டுக்குப் பேசுகிற மாதிரிதான் பேசுவார். குடிக்கத் தண்ணி தாங்க என்று அவர் கேட்டால் மூன்று வீட்டில் செம்பை எடுப்பார்கள்.

இனி அக்காவைப் பற்றி எழுதுகிறேன். ஐயா இதைக் கொஞ்சம் மெதுவாகப் படிக்க வேண்டும்.

மூன்றாவது தடவை பெண் பார்க்க வந்தவர்கள் அக்கா முகத்து அம்மைத் தழும்பைப் பார்த்துவிட்டு, பூந்தியைத் தின்றுவிட்டு, சேதி சொல்லி அனுப்புதோம் என்று போனார்களே, அன்றிலிருந்து நாலு வருஷமாக அக்கா வெளியாள் யார் வந்தாலும் உள்ளறையைவிட்டு வருவதில்லை. ஐயாவுக்குத் தெரியும். விருந்தாளி அந்த உள்ளறையின் ஓட்டைத்தான் மிச்சம் வைக்காமல் எடுத்துப் போனார். வேலை ஆரம்பித்த வெள்ளிக்கிழமை காலையில் ராஜதுரை முகட்டில் ஏறிக் கீழே பார்க்கும்போது, அக்கா நனைந்த துணிப்பெட்டியை நகர்த்திக்கொண்டு நல்ல வெயிலில் நிற்கிறாள். ஒளிய இடமில்லை. அண்ணாந்து பார்த்துவிட்டாள். அவரும் பார்த்தார். சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை, உற்றுப் பார்க்கவும் இல்லை. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, கண்ணுல தூசி விழும் என்றார். தெரு முழுக்கக் கேட்டது. அந்த முகத்தில் கண்ணும் இருக்கிறது என்பது அவருக்குத்தான் தெரிந்திருக்கிறது.

நாட்டு ஓட்டை அடுக்கியதோடு வேலை முடிந்துவிடாதாம் ஐயா. மேலே நிற்பவர் கண்ணுக்குப் பொத்தல் தெரியாது. உள்ளே இருட்டில் நிற்பவருக்குத்தான் அது வெளிச்சப் புள்ளியாகத் தெரியும். அதனால் உள்ளே ஒருவர் பரணில் ஏறி நின்று, விளக்குமாற்று ஈர்க்குச்சி ஒன்றை அந்தப் புள்ளி வழியாக மேலே நீட்ட வேண்டும். குச்சியின் நுனியைக் கண்டு மேலே இருப்பவர் அந்த ஓட்டைத் தூக்கிச் சரியாக உட்கார வைப்பார். பார்த்துவிட்டேன் என்பதற்கு அடையாளமாக இரண்டு தடவை குச்சியை இழுப்பார். எல்லா வீட்டிலும் இப்படித்தானாம். நம் உள்ளறைக்குள் வெளியாள் போகக் கூடாதே, ஆகையால் அக்காவே பரணில் ஏறினாள்.

முதல் நாள் குச்சி நீட்டினாள், அவர் இழுத்தார், ஓட்டை நகர்த்தினார். இரண்டாம் நாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் ஒழுகாத இடத்திலும் குச்சி முளைத்தது. அவர் ஓட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இங்கன பொத்தல் ஒண்ணுமில்லையே என்று முழங்கினார். எதிர்வீட்டில் சிரித்தார்கள். நான் ஓடிப் போய் எட்டிப் பார்த்தேன். அக்கா பரணில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு, இருக்குமோன்னு பாத்தேன் என்று பதில் சொல்கிறாள். ஐயா, நாலு வருஷம் கழித்து வெளி மனுஷரிடம் அக்கா பேசிய முதல் வார்த்தை அது. அந்த வாரம் அம்மா விளக்குமாற்றை எடுத்துப் பார்த்துவிட்டு, இது எப்படிளா இவ்வளவு மெலிஞ்சு போச்சு என்று என்னைக் கேட்டாள். வீட்டைப் பெருக்குகிற விளக்குமாறு அப்போது வேறு எதையோ பெருக்கிக்கொண்டிருந்தது.

அந்த நேரத்தில்தான் ஐயாவின் கடிதம் வந்தது. நான்தான் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "கூறை வேண்டாம். பேசியதை முறித்துவிடு. அந்த ராஜதுரை நம் வாசற்படியை மிதிக்கக் கூடாது." பெரிய ற என்று நான் எவ்வளவு அழுத்திப் படித்தால் என்ன, நம் ஊர்க் காதுக்குக் கூறையும் கூரையும் ஒன்றுதானே. அம்மா அதை ஓட்டுக் கூரை என்றே எடுத்துக்கொண்டாள். மூணு பொம்பளை நனைஞ்சு கெடக்கோம், கூரை வேண்டாங்காவளே, இவுகளுக்கு அப்படி என்ன கோவம் என்று முந்தானையைக் கண்ணில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஆனாலும் ஐயா சொல்லைத் தட்டமாட்டாள். அன்று சாயங்காலமே ராஜதுரையிடம், வீட்டுக்காரவ வாசப்படிய மிதிக்கக் கூடாதுன்னு எழுதிட்டாவ தம்பி என்று சொல்லிவிட்டாள். அவர் காரணம் கேட்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலையில் பார்த்தால் தேவபிரசாதம் வாத்தியார் வீட்டுப் பக்கத்திலிருந்து நம் கூரைக்கு ஏணி சாத்தியிருக்கிறது. ராஜதுரையும் ஆட்களும் மேலே. அம்மா முற்றத்தில் நின்று, தம்பி இது என்ன வேலை, எங்க வீட்டுக்காரவ உத்தரவு என்ன ஆச்சு என்றதற்கு அவர் மேலிருந்து, வாசப்படியத்தானே மிதிக்கக் கூடாதுன்னாவ, நான் ஓட்டையில்லா மிதிக்கேன் என்றார். வாத்தியாருக்கே சிரிப்பு வந்துவிட்டது. எடுத்த வேலையைத் திறந்து போட்டுவிட்டுப் போக ராஜதுரைக்கு மனசு வராதாம். இரண்டு நாளில் பட்டாசாலையும் அடுக்களையும் முடிந்தன. அங்கே பரணில் ஏறிக் குச்சி நீட்டியது நான். ஏளா தங்கம், குச்சிய ஆட்டாத, ஒங்க அக்காவப் பாத்துப் படி என்று அவரிடம் திட்டு வாங்கினேன். இன்றுவரை அவர் கால் நம் வாசற்படியில் படவில்லை. கூலி ஆட்களுக்குக் கஞ்சிகூட சுவருக்கு மேலேதான் போயிற்று.

உள்ளறை மட்டும் முடியவில்லை. ஐயாவின் கடிதத்தில் அம்மாவுக்கு நான் படித்துக் காட்டாமல் தாண்டிய ஒரு வரி உண்டு. "அம்மை போட்ட முகத்தை எவன் மனசார ஆசைப்பட்டுக் கேட்பான், நம்முடைய கொழும்புச் சம்பாத்தியத்தை நினைத்துத்தான் கேட்டிருப்பான்" என்ற வரி. நான் தாண்டினேன். ஆனால் அக்காவுக்கு எழுத்துத் தெரியுமே. அம்மா தலைமாட்டில் வைத்திருந்த கடிதத்தை எடுத்துப் படித்துவிட்டாள். பெரிய ற எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள். என்னை அடிப்பாள் என்று நினைத்தேன், அடித்திருந்தால் தேவலை. ற எங்கன போடணும், ர எங்கன போடணும்னு ஒனக்குத் தெரியும்லா ஏளா என்று மட்டும் கேட்டாள். அப்புறம் உள்ளறைக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டாள். சொட்டுகிற இடத்தில் சட்டியை வைத்துக்கொண்டு உள்ளேயே இருக்கிறாள்.

மூன்று நாள் ராஜதுரை உள்ளறை ஓட்டு மேல் வந்து உட்கார்ந்து, விரலால் இரண்டு தடவை தட்டிவிட்டுக் காத்திருந்தார். குச்சி எழும்பவில்லை. மூன்றாம் நாள் தன் வீட்டிலிருந்து ஒரு தார்ப்பாய் கொண்டுவந்து அந்த அறைக்கு மேலே விரித்துக் கட்டினார்.

எனக்குப் பொறுக்கவில்லை. வாத்தியார் வீட்டுக்குப் போய் ஏணியடியில் நின்று எல்லாவற்றையும் ராஜதுரையிடம் சொல்லிவிட்டேன். ஐயா வேண்டாம் என்று எழுதியது ஓட்டுக் கூரையை இல்லை, நான் போட்ட ஓர் எழுத்தால் உங்களை மாப்பிள்ளை என்று நினைத்து எழுதியது என்றேன். இப்போது தெரு முழுக்கக் கேட்கப் போகிறது என்று காதைப் பொத்திக்கொண்டேன். அவர் ஏணியிலிருந்து இறங்கி வந்து, என்னிடம் என்னவோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. என்ன சொன்னிய என்று கேட்டேன். மறுபடியும் அதே குரலில் சொன்னார். அப்ப ஐயாட்டத் தப்பில்லாம ஒரு தடவ கேட்டு எழுதுளா. ஓடு போட்ட கூலி போதும், வேற ஒண்ணும் வேண்டாம்னும் எழுது. இவ்வளவுதான். அவருக்கு அப்படி ஒரு குரல் உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஐயா, அக்காவை ஒருவர் கேட்கிறார். பார்க்காமல் கேட்கவில்லை. நடுவில் கூரைகூட இல்லாத வெளிச்சத்தில் பார்த்துவிட்டுக் கேட்கிறார். அம்மாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை. ஐயாவின் மனசு தெரியாமல் அம்மா ஒரு வார்த்தை பேசமாட்டாள். அக்காவிடம் கதவுக்கு வெளியே நின்று சொன்னேன். உள்ளே சட்டியை நகர்த்துகிற சத்தம் கேட்டது. அப்புறம், அவுக கேட்டது இருக்கட்டும், நம்ம ஐயாவே என்னைய அப்படி நெனச்சிருக்காவளேளா என்றாள். அவரை வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை, ஐயா. அதைக் கவனிக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மேலே கை தவறி நடந்தது என்று எழுதியிருந்தேன். பிழையில்லாமல் எழுதுவதற்குப் பள்ளிக்கூடத்தில் மூன்று வருஷம் பரிசு வாங்கிய கை அது. அம்மா வேலையைப் பேசி முடித்த அன்று, ராஜதுரை ஓடு தட்டுகிற சத்தத்தை அக்கா கதவிடுக்கில் நின்று கேட்டுக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். கேலியாகத்தான் முதல் ற போட்டேன். கொழும்பில் ஐயா படித்துச் சிரிப்பீர்கள் என்று நினைத்தேன். போட்ட பிறகு பார்க்க நன்றாக இருந்தது, அடிக்க மனசு வரவில்லை. அதற்கு உண்டான அடியை ஐயா வந்தவுடன் வாங்கிக்கொள்கிறேன். கைக்கு நாலு, வாய்க்கு நாலு. அக்காவுக்கு அதில் பங்கில்லை.

நான் கேட்பது ஒன்றுதான். அக்காவுக்கென்று தனியாக ஒரு கடிதம் போடுங்கள். நம் வீட்டுக்கு வருகிற கடிதத்தையெல்லாம் பிரித்துப் படிக்கிறவள் நான்தான் என்றாலும், அதைப் பிரிக்கமாட்டேன். கதவுக்குக் கீழே தள்ளிவிட்டு நகர்ந்துவிடுவேன். ராஜதுரை விஷயத்தில் ஐயா வேண்டாம் என்றாலும் சரி, முகத்தைப் பற்றி எழுதியது கோபத்தில் எழுதியது என்று ஐயாவின் கையால் அக்கா படிக்க வேண்டும். ராஜதுரைக்குச் சம்மதம் என்றால் அதைச் சொல்ல எனக்கு ஒரு கார்டு போதும்.

சென்சார் ஐயா, உங்கள் வீட்டிலும் ஒரு பெரிய மகள் இருக்கலாம். இந்தப் பக்கத்தில் வானமும் இல்லை, கடலும் இல்லை, கப்பலும் இல்லை. முழுசாகப் போக விடுங்கள்.

வாசலில் அம்மா உப்புக் கூடையை இறக்குகிற சத்தம் கேட்கிறது. கொழும்பில் ஐயா நேரத்துக்குச் சாப்பிட்டு, இருமலுக்குச் சுக்கு போட்டுக் குடித்து, நல்ல சுகத்தோடு இருக்கத் திருச்செந்தூர் முருகனை வேண்டிக்கொள்கிறோம். இந்தக் கடிதத்தில் ராஜதுரையை நான் எந்த முறையும் வைத்து எழுதவில்லை என்பதை ஐயா கவனித்திருப்பீர்கள். அண்ணாச்சி என்று எழுதினால் அக்காவுக்கும் அண்ணன் ஆகிவிடுவார். என்ன முறை சொல்லிக் கூப்பிட என்று ஐயாவின் உத்தரவுக்குக் காத்திருக்கும்,

கீழ்ப்படிதலுள்ள மகள்,
தங்கபுஷ்பம்